ஏழு ஊரும் ஜெயித்த கபடி

ஓடைப்பாலத்தின் இந்தப் பக்கமிருந்து நெட்டைக்குளத்துக்காரர்கள் மேளமும் வேட்டுமாகத் தங்கள் அணித் தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வர, அந்தப் பக்கமிருந்து செவக்காட்டுவிளைக்காரர்கள் மேளமும் வேட்டுமாகத் தங்கள் அணித் தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வர, இரண்டு வெற்றி ஊர்வலங்களும் பாலத்தின் நடுவில் முட்டிக்கொண்டு நின்ற சாயங்காலத்தில்தான், தென்திசை ஸ்போர்ட்ஸ் டிவியில் ஏதோ இருக்கிறது என்று ஏழு ஊருக்கும் தெரிய வந்தது. அன்றைக்கு மோதியவை இந்த இரண்டு ஊர்கள்தான். கபடியில் ஒரு ஊர்தான் ஜெயிக்க முடியும் என்பதால், எதிரே வருகிறவனுக்குச் சூடு சுரணையே இல்லை என்று இரண்டு பக்கமும் முடிவு கட்டியது. "தோத்துட்டு மேளம் அடிக்கானுவ பாரு" என்று இந்தப் பக்கம் சொன்னதையே அந்தப் பக்கமும் சொன்னது. டிவியில் கண்ணால் பார்த்தோம் என்று இவர்கள் சத்தியம் செய்ய, அவர்களும் அதே டிவியில் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். தோளில் உட்கார்ந்திருந்த இரண்டு தலைவர்களுக்குத்தான் உண்மை தெரியும். அதில் ஒருவன் மாலையைக் கழற்றவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் ஓடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெட்டைக்குளம் ஆதிலிங்கம். தோற்றது அவன்தான்.

அவன் பெண்டாட்டி சுயம்புக்கனி ஆரத்தித் தட்டோடு வீட்டு வாசலில் நின்றாள். அவள் பிறந்தது செவக்காட்டுவிளை, வாழ வந்தது நெட்டைக்குளம். புருஷன் இந்த ஊர் ரெய்டர், பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவது அவன் வேலை. கூடப்பிறந்த அண்ணன் பட்டுராஜ் அந்த ஊர்க் கார்னர்காரன், பாடி வருகிறவனின் காலை வாருவது இவன் வேலை. மாமியார் வீட்டு ஹாலில் எல்லோரோடும் உட்கார்ந்து அதே டிவியில்தான் அவளும் ஆட்டத்தைப் பார்த்தாள், அவள் பார்த்ததில் செவக்காட்டுவிளை ஜெயித்திருந்தது. சுற்றி இருந்தவர்கள் துள்ளிக் குதித்தபோது, இவர்களுக்குக் கிறுக்கா எனக்குக் கிறுக்கா என்று ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, புது மருமகள் என்பதால் அவளும் கைதட்டி வைத்தாள். முதல் பொய் அதுதான், அதுவும் வாயால் சொன்னதில்லை.

பாலத்துச் சண்டையில் நாலு மண்டை உடைந்த பிறகு, யார் பொய்யன் என்று பார்த்துவிடுவோம் என நெட்டைக்குளத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் செவக்காட்டுவிளைச் சம்பந்தி வீட்டுக்குப் போனார். மறுஒளிபரப்பு நேரத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே பெட்டியை, ஒரே காராச்சேவுத் தட்டைப் பகிர்ந்துகொண்டு பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் இவர் "பாத்தீரா" என்றார், அவரும் "பாத்தீரா" என்றார். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, பெட்டியில் ஒன்றும் கோளாறு இல்லை, அவனவன் கண்ணுக்கு அவனவன் ஊர் ஜெயிக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஜனங்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள் என்று நினைத்தால் அது நம் தப்பு. "நம்ம காசு கட்டுதோம், நம்ம ஊரு ஜெயிக்கி. இதுல என்ன குத்தம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தென்திசை ஸ்போர்ட்ஸ் டிவியின் முதலாளி ஞானதுரை, வெளியூரிலிருந்து டவுனுக்கு வந்து கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டி, பிறகு கேபிள் இழுத்து, பிறகு ஒரே ஒரு கேமராவை வாங்கிப் பொட்டல் மைதானத்தில் நட்டு வைத்தவர். ஏழு ஊரில் எதுவும் அவருக்குச் சொந்த ஊர் இல்லை என்பதால் அவர் கண்ணுக்கு மட்டும் உள்ளது உள்ளபடி தெரிந்தது. தம் சேனல் இப்படி ஏன் செய்கிறது என்று அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயம். எதைத் தொட்டால் எது நின்றுபோகுமோ என்று மொட்டைமாடி டிஷ்ஷில் காகம் எச்சமிட்டதைக்கூடத் துடைக்க விடவில்லை. கபடிக்கு ஒரு சேனல் என்றிருந்தது வாலிபாலுக்கு ஒன்று, மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஒன்று, இளவட்டக்கல் தூக்குவதற்கு ஒன்று என்று பெருகியது, ஏழு ஊரின் காளைகளும் முதலில் வந்தன, ஏழு ஊரின் இளவட்டங்களும் கல்லைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தார்கள், உரக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரத்துக்கு வரிசையில் நின்றன, ஞானதுரை கார் வாங்கினார், காருக்கு முன்னால் தம் படம் ஒட்டினார். டவுனில் கோப்பை விற்கிற கடைக்காரன் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு கோப்பை செய்தான், இரண்டிலும் 'முதல் பரிசு' என்றே பொறித்தான். ஊர்வலங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கப் போலீஸ் ஆளுக்கொரு பாதை பிரித்துக் கொடுத்தது. கோயில் கொடைத் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்துகிற மாலைக்குப் பக்கத்திலேயே கோப்பைகளை அடுக்கினார்கள்.

மைதானத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. போனால் தோற்றாலும் தோற்போம். வெயிலில் நடந்து போய்த் தோற்பதற்கு யாருக்குத் தலையெழுத்து? கேலரியில் ஆடுகள் ஏறிப் படுத்துக்கொண்டன. கூட்டம் இல்லாத மைதானத்துக்கு ஆம்புலன்ஸ் எதற்கு என்று ஞானதுரை அதையும் நிறுத்திவிட்டார்.

எல்லா ஊரும் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் எல்லா ஊரும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஏழு ஊரும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தங்களுக்குள்தான், ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் வேற்றூர்க் கண் ஒரு ஜோடியாவது இருந்தது. மேற்கே ஒரு ஊரில் எல்லோரும் கைதட்டும்போது ஒரு மருமகள் 'ஐயோ' என்று சொல்லிவிட்டாள், பிறகு புருஷன் ஊர் ஆள் பிடிபட்டு எல்லோரும் உச்சுக்கொட்டியபோது சிரித்துவிட்டாள், மறுநாளே அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து, எந்த வீட்டிலும் சோற்றுக்கு உப்புக் காணாதது முதல் கன்றுக்குட்டி செத்தது வரை, "உனக்கு யாரு ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சிச்சு?" என்ற ஒரே கேள்வியில் வந்து முடிந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் பாடச் சொல்லவில்லை, டிவியைப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். புருஷன்மார் தூங்குகிற பெண்டாட்டியின் முகத்தைக்கூட ஏற இறங்கப் பார்த்தார்கள்.

நெட்டைக்குளத்தில் இந்தக் காவலுக்கு ஆதிலிங்கத்தின் பெரியப்பா சிவனணைந்தான் தாமாகவே பொறுப்பேற்றுக்கொண்டார். ஆட்டம் நடக்கும்போது டிவிக்குப் பக்கத்தில், டிவிக்கு முதுகு காட்டி, ஹாலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். ஆட்டத்தைக் காதால் கேட்பார், பெண்களைக் கண்ணால் பார்ப்பார். இப்படி ஒரு கபடி ரசிகர் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்.

சுயம்புக்கனி அவருக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன்பே முறத்தில் முருங்கைக் கொத்துகளைப் பரப்பிக்கொண்டு கீரை உருவ உட்கார்ந்துவிடுவாள். முகம் குனிந்திருக்கும், கை வேலையாக இருக்கும். மற்ற ஊர்களோடு நெட்டைக்குளம் ஆடினால் பிரச்சினையே இல்லை, அவள் கண்ணுக்கும் நெட்டைக்குளமே ஜெயிக்கும், வாய்விட்டே கத்துவாள். செவக்காட்டுவிளை வந்தால்தான் ஆபத்து. படம் மட்டுமல்ல, சத்தமும் அவளுக்கு வேறாகத்தான் கேட்டது. அறிவிப்பாளன் அவள் அண்ணன் பெயரைக் கூவிக்கொண்டிருப்பான், ஹாலோ அவள் புருஷன் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும். மாமியார் தங்கபுஷ்பத்தின் கையை ஓரக்கண்ணால் பார்த்து, அந்தக் கை எழும்போது இவளும் கீரையை உதறிவிட்டுத் தட்டுவாள். உள்ளுக்குள் சொந்த ஊர் ஜெயித்த சந்தோஷம், அதை மென்று விழுங்குகிற கஷ்டம், புருஷன் தோற்றதைப் பார்த்த வேதனை, அதையும் சொல்ல முடியாத கஷ்டம் என்று ஒரு ஆட்டத்துக்கு நாலு பாரம் சுமந்தாள். ஆதிலிங்கம் வீட்டுக்கு வந்தால் அவனிடமும் வாய் திறக்கமாட்டாள். அவனும் திறக்கமாட்டான். இவன் என்னைச் சோதிக்கிறானோ என்று இவளுக்குச் சந்தேகம். இவள் என்னைத் தோற்றவனாகப் பார்த்திருப்பாளோ என்று அவனுக்குச் சந்தேகம். விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் நெட்டைக்குளமும் காயாமொழிவிளையும் ஆடின. காயாமொழிவிளை தங்கபுஷ்பம் பிறந்த ஊர். வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, பேரன் பேத்தி எடுக்கிற வயசு, அவளை யாரும் சந்தேகப்படவில்லை. ஆதிலிங்கம் பாயிண்டு எடுத்ததைப் பார்த்துச் சுயம்புக்கனி கைதட்டினாள், தட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது மாமியார் டிவியைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். இவள் தட்டிய பிறகுதான் அந்தக் கை தட்டியது. இருவர் கண்ணும் ஒரு தடவை சந்தித்தன. தங்கபுஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கீரையில பழுப்ப எடுக்காம போட்டுராத" என்றாள்.

அந்த வருஷப் பொங்கல் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மறுபடியும் நெட்டைக்குளமும் செவக்காட்டுவிளையும் வந்து நின்றன. ஹாலில் கால் வைக்க இடமில்லை. வேட்டுக்கட்டு வாசலில் தயாராக இருந்தது. கடைசி ரெய்டு ஆதிலிங்கத்துடையது. சிவனணைந்தானின் கண் சுயம்புக்கனியின் முகத்தை விட்டு நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிப் போன ஆதிலிங்கம் மூன்று பேரைத் தொட்டுவிட்டு உருண்டு புரண்டு நடுக்கோட்டில் கையை வைத்ததை ஹால் முழுக்கப் பார்த்தது, பார்த்து எழுந்து கூரை அதிரக் கத்தியது. பட்டுராஜ் பாய்ந்து அவன் காலை வாரியதையும், மேலே மொத்தப் பேரும் விழுந்ததையும், விசில் ஊதிய பிறகு எல்லோரும் எழுந்ததையும், ஆதிலிங்கம் மட்டும் எழாததையும் சுயம்புக்கனி பார்த்தாள். இந்தா எழுந்துவிடுவான், இந்தா எழுந்துவிடுவான் என்று பார்த்தாள். வாசலில் முதல் வேட்டு வெடித்தது. அவள் கை தட்டவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேற்கே ஒரு ஊரிலிருந்து பிறந்த வீட்டுக்கு விரட்டப்பட்ட அந்த மருமகளின் முகம் அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது டிவியில் தெரிந்துகொண்டிருந்தது.

"அத்தே, அவிய எந்திரிக்கல" என்றாள்.

ஹால் அப்படியே நின்றது. சிவனணைந்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். இத்தனை நாள் காத்திருந்தது கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"என்னட்டி சொல்லுத? அவன் கையத் தூக்கிட்டு நிக்கான்னு காதுல விழலியா?"

"இல்ல மாமா, கீழ கெடக்காவ. எங்கண்ணன் கால வாரிட்டான். எல்லாவனும் மேல விழுந்துட்டானுவ. மைதானத்துல ஆள் இல்ல மாமா, யாராவது போங்க."

"அப்பம் இத்தன நாளும் எங்க சோத்தத் தின்னுட்டு நீ பாத்தது அதுதானா?"

சுற்றி நின்ற பெண்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் பயத்தில் தள்ளி நின்றார்கள், யார் என்பது அவரவருக்குத்தான் தெரியும். சுயம்புக்கனி முறத்தைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போகப் பார்த்தாள், பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். அப்போது தங்கபுஷ்பம் பேசினாள்.

"அத்தான், கைய எடுங்க. வேன எடுக்கச் சொல்லுங்க."

"இவ பேச்சக் கேட்டா? ஒன் மவன் அங்க ஜெயிச்சிட்டு நிக்கான்."

"எனக்கும் அப்படித்தான் தெரியி. ஆனா எங்க ஊரு ஆடுதப்ப எனக்கும் வேறதான் தெரிஞ்சிச்சு. இவ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். சிவனணைந்தானுக்கு அன்றைக்கு யாரைப் பார்ப்பது என்றே தெரியாமல் போயிற்று.

மாமியாரும் மருமகளும் போய்ச் சேர்ந்தபோது பொட்டலில் ஆடுகளைத் தவிர வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. செவக்காட்டுவிளைப் பையன்கள் பட்டுராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் ஆட, மேலே இருந்த பட்டுராஜ் "எறக்கி விடுங்கல, எறக்கி விடுங்கல, அவன் கெடக்காம்ல" என்று கத்திக்கொண்டிருந்தான். அது டிவியில் வெற்றிக் கூச்சலாகக் கேட்டதாம். ஞானதுரை கேமராக்காரனின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் மட்டும் திருப்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு உள்ளபடி தெரிந்தது என்று சொன்னேன் அல்லவா, தெரிந்தவர் செய்த காரியம் இது. அவர் காரிலேயே ஆதிலிங்கத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். தோள்பட்டை முறிந்திருந்தது. உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நெட்டைக்குளம் மாலையும் கோப்பையுமாக வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்து, அசைய முடியாதவன் கழுத்தில் மாலையைப் போட்டு, அவனோடு சேர்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். "நான் தோத்துட்டேன்" என்று ஆதிலிங்கம் சொன்னான். வலியில் உளறுகிறான் என்றார்கள். மறுநாளும் சொன்னான். பெண்டாட்டி என்னவோ வைத்துக் கொடுத்திருக்கிறாள், ஊரே ஜெயித்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் தோற்பது எப்படி, செவக்காட்டுவிளைக்காரன் எவனாவது கையில் எதையாவது அழுத்தியிருப்பானோ என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

நம்பியவர்கள் ஆட்டக்காரர்கள்தான். பட்டுராஜ் வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் பின்னால் மற்ற ஊர் ரெய்டர்களும் கார்னர்காரர்களும் ஒவ்வொருவராக ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆதிலிங்கத்தின் வாயிலிருந்து "தோத்துட்டேன்" என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருத்தனுக்கும் நெஞ்சு உடைந்தது. எல்லோருக்கும் அதே கதைதான். தோற்று, முட்டி தேய்ந்து, சுளுக்கு விழுந்து வீட்டுக்குப் போனால் வேட்டுப் போடுகிறார்கள், ஆட்டம் போடுகிறார்கள். "தோத்த அன்னைக்கு ஒரு ஆளு வந்து, விடுல பாத்துக்கிடலாம்னு முதுகத் தட்டுனதில்ல, அண்ணே" என்று காயாமொழிவிளைக்காரன் ஒருத்தன் சொன்னான். கேமரா இருக்கும் மைதானத்தில் இனிமேல் காலை வைப்பதில்லை என்று அந்த வார்டிலேயே, நர்ஸ் வந்து விரட்டுவதற்குள், பேசி முடித்தார்கள்.

ஆட ஆளில்லாமல் போனதும் ஞானதுரை பழைய ஆட்டங்களைப் போட்டார், ஏழு ஊரும் மறுபடி ஜெயித்தன. அதுவும் தீர்ந்ததும் ஆளில்லாத பொட்டலையே காட்டினார், அதிலும் ஏழு ஊரும் ஜெயித்தன, ஆனால் வேட்டுப் போடுகிறவன் வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தான். ஆட்டக்காரர்களோ ஓடைக்கரை மணலில் கோடு கிழித்து ஆடத் தொடங்கினார்கள், டிவியில் வராதது என்னவோ ஏதோ என்று சந்தேகப்பட்டே ஜனங்கள் பார்க்கப் போனார்கள், போன இடத்தில் தோற்றார்கள், வெகுகாலத்துக்குப் பிறகு தோற்றதால் தாங்க முடியாமல் அடித்துக்கொண்டார்கள், அடுத்த வாரமும் போனார்கள். உரக்கடை விளம்பரத்தை நிறுத்தியது, ஜவுளிக்கடை நிறுத்தியது, மாட்டுவண்டிச் சேனல் போயிற்று, வாலிபால் சேனல் போயிற்று, கார் போயிற்று, காருக்கு முன்னால் ஒட்டிய படமும் அதோடு போயிற்று. கேபிள் கம்பியைத் துணி காயப்போடக் கட்டிக்கொண்டார்கள். ஞானதுரை கடைசியாக டிஷ்ஷைக் கழற்றிய அன்று அதிலிருந்த எச்சத்தைத் துடைத்துப் பார்த்தார், அடியில் ஒன்றுமில்லை. சிவனணைந்தான் மட்டும், படம் வராத பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இன்னமும் ஹாலைப் பார்த்துத்தான் உட்காருகிறார்.

சந்தேகம் அப்படி ஒரே நாளில் போகிற சாமான் இல்லை. ஆதிலிங்கம் தோளில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், தன் தோல்வியைப் பார்த்த ஒரு ஜீவன் வீட்டிலேயே இருக்கிறது என்பதில் முதலில் அவனுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அவள் கையால் கஞ்சி குடிக்கும்போது கண் கலங்கினான். பிறகு கட்டு இறுக்கம் தளரத் தளர, படுத்துக் கிடக்கிற மூளை வேலை செய்யத் தொடங்கியது. அவள் பார்த்தது நிஜம் என்றால், அது அவள் கண்ணுக்கு ஏன் தெரிந்தது? செவக்காட்டுவிளையைச் சொந்த ஊராக நினைக்கிறவர்களுக்குத்தானே அப்படித் தெரியும்? கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவள் மனசு ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை அவன் பல நாள் உருட்டிக்கொண்டே இருந்தான். ஒரு மத்தியானம், அவள் தலையணையை அடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டான்.

"அன்னைக்கு ஒனக்கு யாரு ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சிச்சு?"

ஏழு ஊரில் ஒரு பெண்ணும் பதில் சொல்லாத கேள்வி அது. சுயம்புக்கனி தலையணையைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊருதான்" என்றாள். "எங்கண்ணனத் தோள்ல தூக்கிட்டு ஆடுனானுவ. ஆடுன சத்தம் கேட்டிச்சு. ஆனா நான் அதப் பாக்கல."

"பின்ன என்னத்தப் பாத்த?"

"அந்தக் கூட்டத்துக்குக் கீழ, டிவி மூலையில, ஒங்க காலு மட்டும் தெரிஞ்சிச்சு. அது அசையுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

கேட்கக் கூடாது என்று ஆதிலிங்கத்துக்கே தெரிந்திருந்தது, ஆனாலும் கேட்டான்.

"எந்தக் காலு?"

"எடது காலு. பெருவெரல்ல நகம் பேந்து தொங்கிட்டிருந்திச்சு."

அவன் போர்வையை விலக்கி இடது காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான். புது நகம் பாதிதான் வளர்ந்திருந்தது.